திரை போட்டவர்

ஆவுடையப்பன் முப்பது வருடம் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். மண்ணெண்ணெய் விளக்கில் தொடங்கி, பல்பையும் பார்த்து, தானே எரிந்து தானே அணையும் எல்இடி வந்த வருடம் ஓய்வு பெற்றார். வேண்டாமென்று கழற்றிப்போட்ட பழைய லென்ஸைக் கேட்டு வாங்கிவந்து, கடலே இல்லாத சங்கரன்கோவிலில் தன் வீட்டு மொட்டை மாடியில் வைத்தார். விடிந்ததும் அதற்குத் திரை போட்டுவிடுவார். வெயில் பட்டால் அந்தக் கண்ணாடி எதிரில் இருப்பதைக் கொளுத்திவிடும்.

அன்று புளியங்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் திரை போடாதது உறைத்தது. மாடியில் பருத்தி வேறு காய்ந்துகொண்டிருந்தது. இலையை விட்டு எழுந்து மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏட்டி முப்பிடாதி, மாடிக்கு ஓடு. லென்ஸை மூடல.”

“அதெல்லாம் மூடியாச்சு. காக்கிச் சட்டை போட்ட ஒருத்தரு, ‘நான் போட்டுட்டு வாரேன்’னு ஏறிப் போனாரு. திரையை இழுத்துவிட்டதை வாசல்ல நின்னு பாத்தேன்.”

“யாரு அவன்? போயிட்டானா?”

“இன்னும் இறங்கிக்கிட்டுத்தான் இருக்காரு. நீங்க போன் போடுததுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாரு. சத்தம் கேக்கு பாருங்க.”

கேட்டது. இரும்புப் படியில் செருப்பு விழும் சத்தம்.

அவர் வீட்டு மாடிப்படி சிமெண்ட். மொத்தமே பதினான்கு படி. அவர் வேலை பார்த்த கலங்கரை விளக்கத்தில்தான் இரும்புப் படி, நூற்று முப்பத்தெட்டு.

பந்தியில் பாயசம் வரும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு சத்தம் நின்றது.

“வந்துட்டாரு,” என்றாள் முப்பிடாதியம்மாள். “அவரு ட்யூட்டி முடிஞ்சுட்டாம். மாத்திவிட நீங்க எப்ப வாரீங்கன்னு கேக்காரு.”