ஒன்பதாவது பெயருக்கு முன்னால் ஒரு கமா

“ஒம்போதாவது புள்ளைக்கு முன்னால வேண்டாம் அம்மிணி, எடுத்துரு!” என்றார் ரத்தினசாமி.

“எடுத்துட்டா ரெண்டு புள்ளையும் ஒட்டிக்குமுங்ணா” என்றாள் ஆனந்தி. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் அருகில் உட்கார்ந்திருந்த பெண் மிரண்டுபோய்த் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பேச்சு கமாவைப் பற்றியது. ஆனந்தியின் மடியில் இங்கிலீஷில் ஒரு மனு இருந்தது. ஒன்பது குழந்தைகளின் பெயர்கள் வரிசையாக வந்து, கடைசிப் பெயருக்கு முன்னால் ஓர் ‘அண்ட்’. அந்த ‘அண்ட்’டுக்கு முன் கமா போடு என்கிறது ஒரு இலக்கணப் புத்தகம், போடாதே என்கிறது இன்னொன்று. ஒன்பதாவது பெயர் அவள் மகள் மோனிஷா.

அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் இருப்பதே இந்த ஒன்பது பேர்தான். ஆள் போதாது, மலையாளப் பிரிவோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு. ஆட்சேபம் இருந்தால் இன்று நாலு மணிக்குள் கல்வி ஆபீசில் மனு கொடுக்க வேண்டும்.

போன வாரம் தமிழ் டீச்சர் லீவு. மோனிஷா ஒருநாள் மலையாள வகுப்பில் உட்கார்ந்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். “அந்த டீச்சரு என்னையத் திட்டறாங்களா கொஞ்சறாங்களான்னே தெரியலம்மா.” அன்றைக்குப் போன தூக்கம் ஆனந்திக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

“நான் மொதல்லயே சொன்னனுங்க, தமிழ்லயே எழுதிக் குடுத்தரலாம்னு” என்று முனகினாள் மருதாத்தாள். அவள் மகனும் அந்த ஒன்பதில் ஒருவன்.

“எதுக்கு? வடையில எண்ணெ புழியறதுக்கா?” ரத்தினசாமிக்குச் சுர்ரென்றது. பெற்றோர் சங்கத் தலைவர் அவர். “புது ஆப்பீசரு திருவனந்தபுரத்துல இருந்து வந்திருக்காராமா. நமக்கு மலையாளம் எழுத வராது, அவுருக்குத் தமிழு வராது. இங்கிலீசுதான் பொது. கையெழுத்துகோட இங்கிலீசுலதான் இருக்கோணும்னு எதுக்குச் சொன்னேன்?”

அதற்காகவே மருதாத்தாள் நாலு நாள் பழைய நோட்டில் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தாள். ஒன்பது வீட்டுக் கையெழுத்தும் தனித் தாளில் தயாராக இருந்தது.

ரத்தினசாமியின் பயத்துக்கும் காரணம் இருந்தது. போன வருஷம் ரோட்டுக்காக வேறொரு ஆபீசில் கொடுத்த இங்கிலீஷ் மனு, சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது. சுழித்ததில் ஏழு கமா. அன்றிலிருந்து கமாவை எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்று அவருக்கு ஒரே குழப்பம்.

“மூச்சு உடற எடத்துலயெல்லாம் ஒண்ணு போட்டு உட்ரு அம்மிணி” என்றார்.

“கமா மூச்சுக்கில்லீங்ணா, அர்த்தத்துக்கு.” அவர் ஆசைக்காக நடுவாக்கியத்தில் போட்டிருந்த இரண்டை அடித்தாள். ‘ஹவெவர்’ என்று தொடங்கிய இடத்தில் விட்டுப்போனதைச் சேர்த்தாள். மணி மூன்றைத் தாண்டியது. அவள் கால் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

“பதறாத காரியம் சிதறாது சாமி” என்று மருதாத்தாள் அவள் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள்.

கடைசியில் ஆனந்தி ஒன்பதாவது பெயருக்கு முன்னால் அழுத்தமாக ஒரு கமா போட்டாள். “இருக்கட்டுமுங்ணா. அவளும் தனியா ஒரு புள்ளைதானுங்க.”

எதிர்க்கடையில் திருத்தி, பிரிண்ட் எடுத்து, ஆட்டோ பிடித்து, மூன்று பேரும் ஆபீஸ் படியேறும்போது நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

புது ஆபீசர் நாற்பது வயதுக்காரர், கடுகடுவென்ற முகம். சாப்பிடவே நேரமில்லை போலிருக்கிறது. மேஜை ஓரத்தில் அப்போதுதான் திறந்த டிபன் டப்பா.

“கொள்ளுப் பருப்பு வாசமுங்க!” மருதாத்தாள் கிசுகிசுத்தாள். “பியூனு நம்மூருக்காரராட்ட இருக்குது. ஊட்ல இருந்து கொண்டாந்து குடுத்திருப்பாரு.”

“செத்த சும்மா இரு!” என்று அதட்டிவிட்டு ரத்தினசாமி முன்னால் போனார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த மலையாளத்தை அவிழ்த்துவிட்டார். “ஸாரே, ஒரு அபேக்ஷ உண்டு.”

ஆபீசர் தலையை மட்டும் அசைத்து மனுவை வாங்கினார். பேனா முனை ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. சிவப்புப் பேனா. ஒன்பதாவது பெயருக்கு முன்னால் வந்ததும் நின்றது. ஆனந்தி அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா அதைத் தாண்டிப் போனது.

“வெரி குட் இங்கிலீஷ்” என்றார் ஆபீசர். “ஈவன் த கமாஸ். ஹூ ரோட் திஸ்?”

ரத்தினசாமி பூரித்துப்போய் ஆனந்தியைக் கைகாட்டினார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மோனிஷா இனி அழ வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

ஆபீசர் தாளைத் திருப்பிக் கையெழுத்துகளைப் பார்த்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். எதையோ தேடுவதுபோல மறுபடியும் மேலிருந்து ஓட்டினார். ஒன்பதும் இங்கிலீஷ். பேனாவை மூடி வைத்துவிட்டு மூன்று பேரையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“ஏனுங்க, இந்த ஒம்போது ஊட்டுலயும் தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க ஆருமே இல்லீங்களா?”