சொல்லாத நாலு ஸ்பேட்

பிடிபட்ட நகைகளை மேஜைமேல் பரப்பிக் காட்டும் போலீஸ்காரரைப் போல, பல் டாக்டரம்மாவின் சீட்டுகளைத் துணை மேலாளர் வரிசையாக விரித்து வைத்தார். பிரிட்ஜ் ஆட்டத்தில் அடுத்தவர் சீட்டைத் தொடக் கூடாது என்று விதி உண்டு. ஜெயித்த கைக்கு அது ஞாபகம் வரவில்லை.

“ஏஸ், ராஜா, ராணி. ஸ்பேட் மட்டுமே ஆறு. இத்தனையும் கையில வெச்சுக்கிட்டு பாஸ் சொன்னீங்களா மேடம்?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணை மேலாளர் எடுத்த எடுப்பிலேயே நாலு ஹார்ட் என்று ஏலம் கேட்டாரே, அதற்கு மேல் நாலு ஸ்பேட் என்று கேட்கத்தான் வாயெடுத்தாராம். எதிரே ஜோடியாக உட்கார்ந்திருக்கும் கணவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடுமே என்று பயந்து, ஏலம் கேட்காமல் ‘பாஸ்’ என்று ஒதுங்கிவிட்டாராம். அவர் ஒதுங்கிய வழியில் புகுந்துதான் துணை மேலாளர் கேட்ட பிடிகளையெல்லாம் எடுத்து ஜெயித்திருந்தார்.

“பல்லைப் பிடுங்குறப்பவும் இப்படித்தானா? பயமா இருக்கு, நீங்களே வீட்டுல பிடுங்கிக்கோங்கன்னு அனுப்பிடுவீங்களா?”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். கணவர் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி மனைவி பக்கம் நகர்த்தி, அடுத்த கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“இப்படித் தண்ணி குடுத்துக் குடுத்துத்தான் சார் கெடுத்து வெச்சிருக்கீங்க.”

பிறர் தவறைப் பார்த்ததும் நாம் வாயைத் திறக்குமுன், கடவுள் நமக்கு ஒரு மூச்சு நேரம் தருகிறார். துணை மேலாளர் அந்த நேரத்தை அடுத்த கிண்டலைத் தயார் செய்யப் பயன்படுத்துகிறவர்.

அவரோடு ஜோடி சேர்ந்து ஆடிய மைத்துனர், விரிந்து கிடந்த சீட்டுகளை மெல்ல அடுக்கி டாக்டரம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். “அத்தான், உங்க வாயில ஆட்டத்துல பாஸே வராது. ஆபீஸ்ல அதைத் தவிர வேற வராது” என்று சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தார்.

அது உண்மைதான். காப்பீட்டு நிறுவனத்தின் பொது மேலாளரைத் துணை மேலாளர் ‘பாஸ்’ என்றே அழைப்பார், போனில் பேசினால்கூட எழுந்து நின்றுகொண்டு. அவர் பிரிட்ஜ் பிரியர் என்று தெரிந்த பிறகுதான் இவருக்கும் பிரிட்ஜ் பிடித்துப்போனது. இப்போது புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள். அதன் தலைமைப் பதவி யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியவர் பொது மேலாளர். ஆட்டம் முடியட்டும், பேசுவோம் என்று காலையில் அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

இந்தப் போட்டியில் குழுவுக்கு நாலு பேர். இந்த அறையில் இவரும் மைத்துனரும் என்றால், அடுத்த அறையில் பொது மேலாளரும் அவர் மனைவியும். இங்கே ஆடிய சீட்டுகளைக் கலைக்காமல் தட்டில் வைத்து அங்கே அனுப்புவார்கள். அங்கே கட்சி மாறும்; இங்கே எதிராளிகள் பிடித்த சீட்டுகளை அங்கே இவர்கள் குழுவினர் பிடித்து ஆடுவார்கள். நல்ல சீட்டு வரவில்லை என்று அழ யாருக்கும் வழியில்லை.

கடைசிச் சுற்று முடிந்து, புள்ளிகளை ஒப்பிட நால்வரும் தாழ்வாரத்து மேஜையில் கூடினார்கள். பொது மேலாளர் பேனாவைத் திறந்த உடனேயே, கணக்கு அப்புறம் இருக்கட்டும், முதலில் இந்தக் கூத்தைக் கேளுங்கள் என்று துணை மேலாளர் தொடங்கிவிட்டார். டாக்டரம்மா கண்ணாடி துடைத்ததையும் கணவர் தண்ணீர் ஊற்றியதையும் நடித்தே காட்டினார். நடிப்பில் டாக்டரம்மாவின் கை சற்று அதிகமாகவே நடுங்கியது. டீ கோப்பைகளோடு நாலைந்து பேர் சுற்றி நின்று சிரித்தார்கள்.

பொது மேலாளரின் மனைவி மட்டும் தன் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். மைத்துனர் மேஜைக்கடியில் அத்தானின் காலை ஒரு மிதி மிதித்தார். அத்தான் காலை நகர்த்திக்கொண்டார்.

“யோசிச்சுத்தானே பாஸ் சொன்னாங்க?” என்று கேட்டார் பொது மேலாளர்.

“ரொம்ப நேரம் யோசிச்சாங்க பாஸ். யோசிக்கிறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணுமில்ல?”

“அப்போ, அந்த மாதிரி ஆளுங்களைப் பெரிய பொறுப்புல வைக்கக் கூடாதுங்கிறீங்க.”

பேச்சு கிளைப் பக்கம் திரும்பிவிட்டது என்று துணை மேலாளருக்குப் பட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வைக்கவே கூடாது பாஸ். கையில அத்தனையும் இருந்தும் நேரத்துல வாய் திறக்கத் தெரியாதவங்களை நம்பி ஆபீஸ் சாவியைக்கூடக் குடுக்கக் கூடாது. என்கிட்ட பொறுப்பைக் குடுத்துப் பாருங்க, அந்த மாதிரி ஆளுங்களைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவேன்.”

சுற்றி நின்றவர்கள் அடுத்த சிரிப்புக்குத் தயாராக இருந்தார்கள். பொது மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“அதே சீட்டு அங்க என் கைக்குத்தான் வந்துச்சு” என்றார். “நானும் பாஸ்தான்.”