ஆடிக் காற்றில் நின்ற காற்றாலை

கணவாயில் முதன்முதலாக நட்ட காற்றாலை அது. ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு வீசியபோது, சுற்றுவதை நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது.

காற்றாலைக்கு மனசே ஆறவில்லை. பக்கத்தில் போன மின்கம்பியிடம், "அண்ணே, நான் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? ஒரு சுத்து விடாம வாங்கிக்கிட்டு ஓடுவீங்களே! மலைக்கு அந்தப் பக்கம் முதல் விளக்கு எரிஞ்சதும் என்கிட்டதானே வந்து சொன்னீங்க?" என்றது.

"மறப்பேனா தம்பி? அப்ப நீ ஒருத்தன். இப்ப நூறு பேர் ஆயிட்டீங்க. நான் மட்டும் அதே ஒத்தைக் கம்பி. இதுக்கு மேல சுமந்தா அறுந்துபோவேன்."

தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கரும்புகை கக்கியது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு இப்போது அங்கிருந்துதான் மின்சாரம் போகிறது. காற்று வந்து இறக்கைகளை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனது.

ஒருநாள் காலையில் மலைப்பாதையில் நீளமான லாரி ஒன்று ஊர்ந்து வந்தது.

"அண்ணே, உங்களுக்குத் துணைக்குப் புதுக் கம்பி வருது!" என்று காற்றாலை கூவியது.

லாரி வந்து நின்றது. அதன்மேல் வெள்ளைவெளேரென்று, இன்னொரு காற்றாலைக்கான புது இறக்கை படுத்திருந்தது.

"இங்கே காத்து எப்படி?" என்று அது ஆசையாகக் கேட்டது.

கம்பி இன்னும் கொஞ்சம் தொய்ந்தது.

"காத்துக்கு ஒரு குறையும் இல்ல தம்பி" என்றது காற்றாலை.