ஒரே ஓர் அதிர்வு

செண்பகத்துக்குக் காது கேட்காது. தொட்டிலில் பிள்ளை அழுதால், பக்கத்தில் கிடக்கும் போன் அதைக் கேட்டுக் கைக்கடிகாரத்துக்குச் சொல்லும். கடிகாரம் அவள் மணிக்கட்டில் அதிரும். அவள் ஓடி வருவாள்.

கடிகாரத்தின் சார்ஜர் உடைந்துபோனதிலிருந்து, தினமும் காலையில் அது போனின் முதுகில் படுத்துத்தான் சார்ஜ் ஏற்றிக்கொண்டது.

அன்று இறங்கும்போது கடிகாரம் தயங்கித் தயங்கிக் கேட்டது. "அக்கா, பிள்ளை அழுதா மட்டும் என்னைக் கூப்பிடுங்களேன். சேலைத் தள்ளுபடி, மழை வருமா, யாருக்கோ பிறந்தநாள்னு எல்லாத்துக்கும் அதிர்ந்து, மத்தியானத்துக்குள்ள ஓய்ஞ்சுபோறேன்."

"என் முதுகுல படுத்துத் தின்னுட்டு எனக்கே சட்டம் போடுறியா?" என்றது போன். "அப்ப நான் யாருகிட்ட பேசுறது, சுவத்துகிட்டயா?"

கடிகாரம் மேற்கொண்டு கேட்காமல் செண்பகத்தின் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது. நாளைக்கும் அந்த முதுகில்தானே படுக்க வேண்டும்.

காலை முழுக்கப் போன் பேசியது. செய்தி வந்தால் அதிராமல் இருக்கக் கடிகாரத்துக்குத் தெரியாது. செண்பகம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, அதனிடம் இன்னும் ஒரே ஓர் அதிர்வுக்குத்தான் சார்ஜ் இருந்தது. இது பிள்ளைக்கு, இது பிள்ளைக்கு என்று அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டது.

"கேட்டியா, வெங்காயம் விலை இறங்கிடுச்சாம்," என்றது போன்.

கடிகாரம் அதிர்ந்து, அணைந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் கீழே பிள்ளை வீரிட்டு அழுதது.

"ஏய், பிள்ளை அழுகுது," என்று போன் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. பிறகு, "எவ்வளவு குடுத்தாலும் இதுக்கு நன்றியே கிடையாது," என்று முணுமுணுத்தது.

மாடியில் செண்பகம் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.