தோட்டா கிடைக்காத துப்பாக்கி

“பர்ட், லைலோட புது ரைஃபிளுக்கு எந்தக் கடையிலயும் தோட்டா கிடைக்கக் கூடாது. அப்படி ஒரு காலிபர் இருக்கா?”

பர்ட் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். துப்பாக்கி செய்கிறவரிடம் வந்து இப்படிக் கேட்டால் வேறு எப்படிப் பார்ப்பார்? நடீனுக்கு வெட்கப்பட நேரமில்லை. எதிர்க் கடையில் கோழித் தீவனம் வாங்கப் போன லைல் எந்த நிமிஷமும் வந்துவிடுவார்.

“எவ்வளவு தூரம் போகும், தோளை எவ்வளவு உதைக்கும்னுதான் எல்லாரும் கேப்பாங்க” என்றார் பர்ட் மெதுவாக. “உன் புருஷன் இந்த சீசனுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போக வேண்டாமா?”

“வேட்டையா! போன பனிக்காலத்துல இருந்து அவரு வாசலைத் தாண்டறதே பெரிசு. தூக்கம் கிடையாது. தட்டை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. டாக்டர்கிட்ட போலாம்னா, ‘எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்’ங்கறாரு. வீட்டுல இருந்த ரெண்டு துப்பாக்கியையும் இரவல் குடுக்கற மாதிரி என் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டேன். இப்ப ஆலைக்காரங்க இதைக் கொண்டுவந்து தலையில கட்டறாங்க.”

முப்பத்தோரு வருஷம் மரம் அறுத்தவர் ஓய்வு பெறுகிறாரே என்று, ஆலையில் எல்லாரும் சேர்ந்து பர்ட்டிடம் புது ரைஃபிளுக்குச் சொல்லியிருந்தார்கள். காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது மட்டும், லைலின் இஷ்டம். வேண்டாம் என்றால் ஏன் என்று ஊரே கேட்கும். துப்பாக்கியை வேண்டாமென்று சொன்ன ஆம்பிளை அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

“துப்பாக்கி பாட்டுக்குச் சுவத்துல தொங்கட்டும். தோட்டா கைக்கு எட்டக் கூடாது, அவ்வளவுதான். முந்நூத்தெட்டு காலிபர் மட்டும் போட்டுடாதீங்க. அதை பெட்ரோல் பங்க்குல கூட ரொட்டிக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கான்.”

பர்ட் தாடியைச் சொறிந்தார். “லேட்டும்மா. குழலுக்குச் சொல்லியாச்சு.”

“யாரு சொன்னது?”

“லைல்தான். திங்கட்கிழமை வந்தான்.”

“தனியாவா?”

“தனியாத்தான். உக்காரக்கூட இல்ல. ரெண்டே நிமிஷம், இதுதான் வேணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான்.”

ஒரு காலத்தில் காலிபர் பேச்செடுத்தால் காப்பி ஆறிப்போகும்வரை வாதாடுகிற மனுஷர். இப்போதோ, எந்தச் சட்டை போடுவது என்றுகூட முடிவு செய்ய முடியாமல் காலையில் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவர் அவளிடம் மூச்சு விடாமல் இங்கே வந்து, ரெண்டே நிமிஷத்தில்...

“மாத்துங்க பர்ட். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஒருத்தன் கேட்டதை அவனுக்குத் தெரியாம மாத்தறது தொழிலுக்கு அழகில்லம்மா.”

“அழகு பார்க்கற நேரமா இது? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் குழல்ல உங்க பேருதான் பொறிச்சிருக்கும்!”

சொன்ன பிறகு அவளுக்கே பகீரென்றது. சன்னல் வழியே பார்த்தாள். மூட்டையை வண்டியில் போட்டுவிட்டு வந்த லைல், சாலை நடுவிலேயே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்த பிறகுதான் நகர்ந்தார்.

பர்ட்டும் அதைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஆர்டர் தாளை எடுத்து அவள் முன் தள்ளினார்.

லைலின் கையெழுத்துதான். காலிபர் என்ற இடத்தில் கோணல்மாணலாக ஓர் எண். வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நடீன், அப்படி ஓர் எண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை.

“என்ன இது?”

“எந்தக் கம்பெனியும் போடாத ரகம். மிசூலா டவுனுக்கே போனாலும் தோட்டா கிடைக்காது. ஒவ்வொண்ணா கையாலதான் செய்யணும். அதுக்குத் தனி அச்சு வேணும்.”

“இதைப் போய் அவரு எதுக்கு...”

வெளியே படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பர்ட் அவசரமாகத் தாளை உள்ளே தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“‘நான் நினைச்ச உடனே கடைக்குப் போய் வாங்கற மாதிரி எதுவும் வேண்டாம், பர்ட். அச்சையும் நீயே பூட்டி வச்சுக்கோ, நானே வந்து கேட்டாலும் குடுக்காத’ன்னான். அப்புறம், ‘நடீன்கிட்ட மட்டும் சொல்லிடாத, பாவம், பயந்துடுவா’ன்னான்.”