அண்ணன் அசைத்த கொடி

"உன் மேல ஒரு தப்பும் இல்லடா ரூபெர்ட். காத்து திரும்பினா நீ என்ன பண்ணுவே?" என்று சொல்லிக்கொண்டே அம்மா அவன் சூப்புக் கிண்ணத்தில் இன்னொரு பாலாடைக்கட்டி உருண்டையைப் போட்டாள்.

ரூபெர்ட் முதல் உருண்டையையே இன்னும் தொடவில்லை. எதிரே தம்பி கிலியான் செய்தித்தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அண்ணன் வந்ததிலிருந்து முகத்தையே காட்டவில்லை.

"காலையிலேர்ந்து இப்படித்தான்," என்று அம்மா கிசுகிசுத்தாள். "அழறான் போல. விடு."

அழாமல் என்ன செய்வான்? பனிச்சறுக்குத் தாவல் போட்டி: நான்கு ஊர், நான்கு மலை, எல்லாத் தாவல்களின் புள்ளிகளையும் கூட்டினால் ஒரே ஒரு வெற்றியாளன். முதல் மூன்று ஊர்களிலும் கிலியான்தான் முன்னால் நின்றான். கடைசி மலை சொந்த ஊரான பிஷோஃப்ஸ்ஹோஃபனில், நேற்று, ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று. கடைசித் தாவல் சுமாராக இருந்திருந்தாலே போதும், தங்கக் கழுகுக் கோப்பை இந்நேரம் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும். அது ஒரு நார்வேக்காரனோடு போய்விட்டது.

எதிர்காற்று தாவுகிறவனைத் தூக்கும், பின்காற்று அமுக்கிவிடும். சரிவின் உச்சியில் பலகையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே என்ன காற்று என்று தெரியாது. பச்சை விளக்கு எரிந்த பிறகு சில நொடிகள்தான் அவகாசம். அதற்குள் பக்கத்து மேடையில் நிற்கும் பயிற்சியாளர் காற்றைப் பார்த்துக் கொடியை இறக்குவார், இவன் பாய்வான். கிலியானுக்குப் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, சொந்த அண்ணன்தான்.

ஊர் சும்மா விடுமா? 'அவசரக்கார அண்ணன்' என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். காலையில் ரொட்டிக் கடைக்காரி வேறு, "என்ன ரூபெர்ட், கை வலிச்சுதா? பொசுக்குனு கொடியை இறக்கிட்டே!" என்று குத்தினாள்.

அவசரமாக இருந்திருந்தால்தான் தேவலையே! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ரூபெர்ட்டின் நெஞ்சு நேற்றிலிருந்து கிடந்து தவித்தது.

விளக்கு பச்சையானபோது காற்று நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நொடி காற்றின் திசை காட்டும் சரிவோரத்து ரிப்பன்கள் துவண்டு மறுபக்கம் திரும்பின; பின்காற்று. ரூபெர்ட் பார்த்தான். பொறுக்க இன்னும் நேரம் இருந்தது. பொறுத்திருந்தால் காற்று அடங்கியிருக்கும்.

அந்த நேரம் பார்த்தா அவனுக்கு ஊர்ச் சத்திரத்துச் சுவர் ஞாபகம் வர வேண்டும்! அதில் மாட்டியிருப்பது அவன் படம். பல வருடங்களுக்கு முன் இதே போட்டியில் இரண்டாம் இடம். இந்த ஊரிலிருந்து அதற்கு மேல் யாரும் போனதில்லை. அப்புறம் முழங்கால் போயிற்று, மிஞ்சியது அந்தப் படம் மட்டும்தான். நாளைக்குத் தம்பி படம் ஏறும், தன் படம் இறங்கும் என்று ஒரு நினைப்பு. பங்காளிக் காய்ச்சல் கூடப் பிறந்தவனையும் விடாது போலிருக்கிறது. கொடி இறங்கியது.

"ஒரே வயித்துல பொறந்த பசங்க, பேசிக்குங்க," என்று அம்மா விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனாள்.

"கிலியான்," என்றான் ரூபெர்ட். "அந்தப் பேப்பர்ல போட்டிருக்கிறது பொய்டா."

"தெரியும்," என்று தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரொம்பப் பேசறானுங்க. எனக்கே தாங்கலை."

"நான் அவசரப்படலை. காத்து திரும்பினதை நல்லாவே பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கொடியை இறக்கினேன்."

ரூபெர்ட் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"நீ ஜெயிச்சுடுவேன்னு எனக்குப் பொறாமைடா. ஒரு நொடிதான். அந்தப் பாழாப்போன ஒரு நொடி! உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேன். அடிக்கணும்னா அடி. வேற ஆளை வெச்சுக்கறியா, வெச்சுக்கோ. எதுன்னாலும் சரி, இதை மனசுல வெச்சுக்கிட்டு அம்மா கையால என்னால சாப்பிட முடியாது."

சொல்லி முடித்ததும் ரூபெர்ட்டுக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் நேற்றிலிருந்து அழுத்திய பாறாங்கல் சற்று நகர்ந்த மாதிரி இருந்தது.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. கிலியானின் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"நானே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன்," என்றான். "என் தப்புக்கு ஊரே உன்னைத் திட்டுதேன்னு ராத்திரி பூரா தூங்கலை."

"உன் தப்பா? நீ என்னடா பண்ணே?"

"ரெண்டு வருஷமா எனக்குத் தூரத்துல இருக்கிறது எல்லாம் மங்கல்ணா. சொன்னா குழுவிலேர்ந்து எடுத்துடுவாங்களோன்னு பயந்துட்டு யார்கிட்டயும் மூச்சு விடலை. பக்கத்துல இருக்கிற பச்சை விளக்கு மட்டும் தெரியும். அது எரிஞ்சா மனசுக்குள்ள கொஞ்சம் எண்ணிட்டு நானாவே கிளம்பிடுவேன். நேத்தும் அப்படித்தான்."

ரூபெர்ட் வாய் பிளந்தான். "அப்போ... என் கொடி?"

கிலியான் அவனை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அதை நான் பார்க்கவே இல்லண்ணா. நீ இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."