ஆள் ஏற்றாத டிரெய்லர்

வெண்ணிலா தன் பையைத் திறந்து இரண்டு புடவைகளை எடுத்துக் கொடுத்தாள்.

"கயிறு போட்டை அறுத்துடும்ணா. அடியில வெச்சிக் கட்டுங்க."

டிராக்டர் ஓட்டி வந்த அர்ஜுனன் அவற்றை மடித்து, கயிறு படகின் விளிம்பை அழுத்துகிற இடங்களில் செருகினான். ஒன்று ஜரிகை போட்ட நல்ல புடவை. மழை பட்டதும் சாயம் இறங்க ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பையை மூடினாள்.

கார்த்திகை மாதம். புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் கடலை ஒட்டிய ஏரியில் எந்தப் படகையும் இறக்கக் கூடாது. இல்லையென்றால் அவள் அப்பா பொன்னுரங்கம் படகைத் தண்ணீர் வழியாகவே தன் ஊரான கோட்டைக்குப்பத்துக்குக் கொண்டுபோயிருப்பார். மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு அவர் வாங்கிக் கொடுத்த பைபர் படகு அது.

காலையில்தான் மாப்பிள்ளையின் குப்பத்தில் பஞ்சாயத்து கூடிக் கலைந்திருந்தது. அர்ஜுனன் டிராக்டரோடு வந்து சேர்ந்தபோது வெண்ணிலா தலைசீவி, பை கட்டி, இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றாள். அவள் கழுத்தில் விரல் தடங்கள் கறுத்துக் கிடந்தன. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள் போல என்று நினைத்தான். அதற்கு மேல் கேட்பது டிராக்டர்காரன் வேலையில்லை.

ஒன்றுதான் அவனுக்கு வியப்பாக இருந்தது. மாப்பிள்ளை வினோத்தும் வந்து தோள் கொடுத்தான். முகம் சுளிக்காமல், மாமனாரோடு சேர்ந்து தம் பிடித்துப் படகை டிரெய்லரில் ஏற்றினான்.

பொன்னுரங்கம் கட்டு விஷயத்தில் யாரையும் நம்பவில்லை. படகுக்கு அடியில் பழைய டயர்களைப் போட்டார். இருபுறமும் மணல் மூட்டைகளை அணைத்தார். மழைத் தண்ணீர் தேங்கிப் பாரம் ஏறாமல் இருக்க, படகின் அடி ஓட்டையிலிருந்த அடைப்பைப் பிடுங்கினார். இஞ்சினைக் கழற்றி, கோணியில் சுற்றி, பிள்ளையைக் கிடத்துவது போலப் படுக்கவைத்தார். ஒவ்வொரு முடிச்சையும் காலால் மிதித்து இழுத்துப் பார்த்தார். இவ்வளவு பதனமான மனிதரை அர்ஜுனன் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் வெண்ணிலா டிரெய்லரில் கால் வைத்தாள்.

"போட்டுக்குள்ளயே குந்திக்கிறேண்ணா. தார்ப்பாய் இருக்குதே."

"வேணாம்மா. லோடு ஏத்துன டிரெய்லர்ல ஆள் ஏத்த மாட்டேன். ஒரு பள்ளத்துல எறங்குனா போட்டு மேல சாஞ்சிடும்."

அதை அவன் யாருக்காகவும் மாற்றிக்கொண்டதில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். பொன்னுரங்கம் அதற்குள் டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அவரு சொல்றது சரிதாம்மா. புள்ளைய வெச்சிக்கினு மழையில எதுக்கு? ஸ்டாப்புல நில்லு, பஸ்ல வந்துடு."

"சரி நைனா," என்றாள். குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். டிராக்டர் கடந்தபோது குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அர்ஜுனன் வண்டியை நிறுத்தினான். வண்டி குலுங்கக் குலுங்கக் கட்டு தளரும். முதலில் ஒருமுறை நின்று பார்த்துவிட வேண்டும். இருவரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இறுக்கினார்கள்.

பொன்னுரங்கத்தின் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தார். வெண்ணிலாவின் குரல் அர்ஜுனனுக்கே கேட்டது.

"நைனா, பஸ்ஸே வரலை. அவரு இங்க வந்து நிக்கிறாரு. வூட்டுக்கு வான்னு கூப்புடுறாரு. நீ வண்டியத் திருப்பு நைனா..."

பின்னால் குழந்தை வீறிட்டது.

பொன்னுரங்கம் போனை அணைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, விட்ட முடிச்சைத் தொடர்ந்தார்.

"பெரியவரே, அந்தப் பொண்ணு..."

"காலைல பஞ்சாயத்துல ஒண்ணுதான் எடுத்துக்கினு போவலாம்னு சொல்லிட்டாங்க. பொண்ணா, போட்டான்னு கேட்டாங்க." முடிச்சை இழுத்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பசங்க இருக்கானுங்க. கடலுக்குப் போவணும்."

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியாதா?"

"இப்பத் தெரிஞ்சிருக்கும்."

அர்ஜுனன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். பிறகு ஏறி உட்கார்ந்து கியர் போட்டான். இருபுறமும் தண்ணீர் நிறைந்த நெல்வயல்கள், நடுவே ஒற்றை ரோடு. இவ்வளவு நீள லோடோடு இதில் வண்டியைத் திருப்ப முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வளைவில் ஒரு அரிசி ஆலை வந்தது. அதன் களம் அகலமாக, காலியாக, கதவு திறந்தபடி கிடந்தது.

அதையும் தாண்டிப் போனான்.